ஊசி துள்ளிய பிற்பகல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தோட்டத்துக் கணக்கெழுதும் அங்கமுத்து கிராணி தன் வாயால் சொன்னது இது. சொல்லி முடிக்கும்வரை அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

1951, நவம்பர். மலாயாவில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரரிடம் கிராணி வாங்கிய, ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்த ரேடியோகிராம் ஒன்று அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. பேணினால் முப்பது வருஷம் உழைக்கும் பெட்டி. மலாக்கா ஈரத்துக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஒரு சின்ன பல்பு எப்போதும் எரியவேண்டும். வால்வுகளின் கால்களை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். பலகைத் தரையின் அதிர்வு ஏறாமலிருக்கப் பெட்டியின் நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் ஷீட்டை மடித்து வைத்திருந்தார்.

"அதுக்குத் தலை துவட்டி விடுறதுதான் பாக்கி," என்பாள் மனைவி கோமளா.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கருப்பாயி வந்து படியடியில் நின்றாள். முதல் நாள் இரவு அவள் புருஷன் இருளாண்டி செத்துப்போயிருந்தான். தோட்டத்துக்குத் தப்பட்டை அடிப்பவன் அவன். காட்டில் இருப்பவர்களுக்குச் சைகையாகிவிடும் என்று தப்பட்டையைக் காவல் போஸ்டில் வாங்கிப் பூட்டியிருந்தார்கள்.

"ஊர்ப் பொணத்துக்கெல்லாம் அடிச்ச கை கிராணியய்யா. அதுவே சத்தமில்லாம போவலாமா? தொரைகிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுங்க."

"கேக்கிறேன்."

கேட்கவில்லை.

நான்கு மாதம் காத்திருந்து சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த புது ஊசியை அன்றுதான் மாட்டியிருந்தார். இசைத்தட்டின் கோட்டில் மயிரிழை நெளிவுகள் இருக்கும். அவற்றைத் தடவித்தான் ஊசி பாடுகிறது. வீட்டை ஒட்டிய இடுகாட்டுப் பாதையில் தப்பட்டை அதிர்ந்தால் ஊசி துள்ளும், தட்டு கீறும். நண்பகலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சொன்னார்.

"தொரை முடியாதுன்னுட்டாரு."

கருப்பாயி பிணத்தருகே திரும்பிப் போனாள்.

கோமளா சாவு வீட்டுக்குக் கிளம்பினாள். "பொணம் போற நேரத்துல பாட்டு வைக்காதீங்க."

"மெதுவாத்தான் வைப்பேன்."

மணி 3.10. மழைத் தூறல். ஊசியை இறக்கினார். வீணை. என்ன சுத்தம்!

ஊசி துள்ளியது.

மறுபடி துள்ளியது. இரண்டு துள்ளல்... ஒரு இடைவெளி... ஒரு துள்ளல்.

பெட்டி சாய்ந்திருக்குமோ? சமம் பார்க்க ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை ஊற்றிப் பெட்டிமேல் வைத்தார். மட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீரில் வளையங்கள் எழுந்தன. இரண்டு... பிறகு ஒன்று.

ஜன்னலைத் திறந்தார். பாதையில் பாடை போய்க்கொண்டிருந்தது. தூக்கியவர்கள் நான்கு பேர், பின்னால் பத்துப் பேர். ஒருவர் கையிலும் தப்பட்டை இல்லை.

டண்... டண்... ட்டண்.

சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால். ஒலிபெருக்கியிலிருந்து.

விசையை அணைத்தார். வால்வு சூடு ஆறும்வரை சில நொடி ஒலி நீடிக்கும். அது இயல்பு. எண்ணினார். பத்து... இருபது... முப்பது.

டண்... டண்... ட்டண்.

பிளக்கைப் பிடுங்கினார். மணி 3.17.

தட்டு நின்றுவிட்டது.

ஊசி நிற்கவில்லை.

கையால் தூக்கினார். தாளம் விரல் எலும்புக்குள் அடித்தது.

பாடை இடுகாட்டுத் திருப்பத்தைத் தாண்டியது...

அவர் விரலில் அடி நின்றது.

ஐந்து மணிக்குக் கருப்பாயி வந்தாள். ஈரச் சேலையோடு அவர் காலில் விழுந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டு, கேட்டு வாங்கிட்டீங்களே சாமி! குழி மூடுற வரைக்கும் கேட்டுச்சு. அடிக்கிற ஆள எங்க நிக்க வச்சீங்க?"

காலை இழுக்க முடியவில்லை.

ஊரடங்குக்கு முன் போஸ்டுக்கு ஓடினார். காவலுக்கு இருந்தவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தம்புசாமி.

"யாரும் வரல சார். பூட்டு அப்படியே இருக்குலா."

திறந்தான். ஆணியில் தப்பட்டை தொங்கியது. மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய பிறகுதான் அடிக்க முடியும். தம்புசாமி உள்ளங்கையைத் தோலில் வைத்தான். வெடுக்கென்று எடுத்தான்.

"சுடுது சார்... தொட்டுப் பாருங்க."

அங்கமுத்துவின் கை எழவில்லை.