இங்கெரின் உறையாத வண்ணம்

வண்ணத்தில் தோய்த்த தூரிகையை இங்கெர் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். சுருக்கென்றால் சரி. இல்லாவிட்டால் இன்னும் இரண்டு சொட்டு உருளைக்கிழங்குச் சாராயம் விடுவாள். எங்கள் தீவின் குளிரில் வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணம் தாளைத் தொடுவதற்குள் கல்லாகிவிடும். சாராயம் கலந்தால் உறையாது.

தூரிகை கழுவிய சாராயத்தைப் பக்கத்துவீட்டுப் படகுக்கார ஒட்வார் ஒருமுறை குடித்துவிட்டார். ஈஸ்டர் வரை அவர் மீசை நீலமாகவே இருந்தது. மீன்கள் அதைக் கடலென்று நினைத்து அவர் மடியிலேயே வந்து விழுந்தன. சந்தேகமிருந்தால் அவர் மனைவியைக் கேளுங்கள்.

இங்கெர் வீட்டுக்குள் உட்கார்ந்து வரையமாட்டாள், ஞாபகத்திலிருந்தும் வரையமாட்டாள். ஊருக்கென்று ஆண்டுக்கொரு படம். இரண்டு மாத இருட்டு முடிந்து, ஜனவரியில் சூரியன் முதன்முதலாக எட்டிப்பார்க்கும் நாளில் பள்ளிக்கு விடுமுறை விட்டு, ஜாம் வைத்த பன்னோடு எல்லோரும் குன்றேறுவோம். அவள் அந்தச் சூரியனை அங்கேயே வரைவாள். படம் ஊர் மன்றத்துச் சுவரில் ஏறும். போன ஆண்டு மேகம்; படமில்லை. அடித்து வைத்த ஆணி ஆண்டு முழுக்கச் சும்மா நின்றது.

"ஒரு மஞ்சப் பொட்டு வச்சிருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் பன் சுடும் யோருன்.

"வராத விருந்தாளிக்கு நான் தட்டு வைக்கறதில்ல."

இந்த ஆண்டு வானம் கண்ணாடி. குன்றின் உச்சியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள், பையைச் சுமந்து வந்த ஒட்வாரிடம் சாராயப் புட்டிக்குக் கை நீட்டினாள். புட்டி காலி.

"ஏறுறப்ப குளிருச்சு இங்கெரு. காப்பியில ஊத்திக்கிட்டேன்."

"முழுசுமாண்ணே?"

"காப்பி நெறைய இருந்துச்சு."

யோருன் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னொரு வருஷமும் மொட்டை ஆணியத்தான் பாக்கணுமா? அந்த மீசைய அன்னிக்கே சிரைச்சிருக்கணும்."

இங்கெருக்குத் திட்ட நேரமில்லை. எதிர்க்கரை மலைமுகடு சிவக்கத் தொடங்கிவிட்டது. முதல்நாள் சூரியன் நிற்பது ஒரு பன் தின்று முடிக்கும் நேரந்தான். எச்சிலில் வண்ணத்தைக் குழைத்துப் பார்த்தாள். தூரிகை முனை முள்ளாக விறைத்தது.

முகட்டின் மேல் ஒரு துளி நெருப்பு எழுந்தது. பிள்ளைகள் கூவினார்கள். கண்ணை மலையிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, ஒட்வார் வாயருகே கொண்டுபோன காப்பிக் கோப்பைக்குள் தூரிகையை முக்கினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். சுருக்கென்றது.

மறுபடியும் முக்கினாள்.