முப்பத்து நான்கு அங்குலத்தின் இடது ஓரம்

எங்கள் காரின் இடது பக்கக் கதவில் இரண்டு கீறல்கள் இருக்கின்றன. முதலாவது நாற்பத்தொரு சென்டிமீட்டர்; பண்ணைக்காட்டுச் சாலையின் ஓரச் சுவர் போட்டது. இரண்டாவது அறுபத்து மூன்று. எங்கள் மலைக் கிராமமான பள்ளங்கியில், வீட்டிலிருந்து மூன்றாவது வளைவில், கேரட் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று போட்டது. அந்த வேன் நின்றுகொண்டிருந்தது என்பதை என் மனைவி யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவாள்.

இரண்டாவது கீறல் விழுந்த அன்றே அவள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். வாங்கினாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நான் கை கழுவப் போயிருந்தபோது எடுத்து ஒளித்துவிட்டாள். வீட்டில் பதினான்கு இடங்களில் தேடினேன். கிடைக்கவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. நில அளவைத் துறையில் வரைவாளராக முப்பத்தாறு ஆண்டுகள் ஊரார் நிலங்களுக்கு எல்லை வரைந்தவன். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள் என்று தெரிந்து வேலை பார்த்தவன். அப்படிப்பட்டவனைப் பார்த்து, “உங்களுக்கு ஓரம் தெரியல” என்று ஒருத்தி சொன்னால் எப்படியிருக்கும்?

பண்ணைக்காட்டில் மனைவி வழியில் வந்த காபித் தோட்டம் இருக்கிறது. புதன்கிழமைதோறும் நான்தான் காரில் போய்ப் பார்த்துவருவேன். சாவி போனபின் இரண்டு பேருந்தும் ஒரு ஜீப்பும் மாற வேண்டியதாயிற்று. ஜீப்பில் என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். ஒருமுறை பத்தொன்பது பேரும் ஓர் ஆட்டுக்குட்டியும்.

இந்தப் பஞ்சாயத்துக்குத் தீர்வு சொன்னவள் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். அவள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதால் பழையதை எங்களுக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. மூன்று விசிறியோடு செங்கல் போலக் கனக்கும். கூடவே மேசையில் திருகிப் பொருத்தும் ஸ்டியரிங் ஒன்றும், கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றும் வந்தன. விளையாட்டில் ஏதோ ஒரு பனி நாட்டு மலைச்சாலை. மேலிருந்து கீழே வரைக்கும் பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள்.

“அப்பா இதுல தொடர்ச்சியாப் பத்து தடவை எங்கயும் இடிக்காம இறங்கிக் காட்டட்டும். அம்மா சாவியக் குடுத்துரணும். ரெண்டு பேருக்கும் சம்மதமா?” என்றாள் மகள் போனில்.

“பத்தெல்லாம் வேணாம், அஞ்சே போதும். எனக்கு நம்பிக்கை இருக்கு” என்றாள் மனைவி. என்ன நம்பிக்கை என்று அவள் விளக்கவில்லை. நான் கௌரவத்துக்காகப் பத்தையே வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒன்பது முறை இறங்கினேன். முப்பத்தொரு இடி. நான் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டேன். மலையில் வண்டி ஓட்டுகிற எவனும் செய்வது அதுதான். அந்த நாட்டுக்காரர்களுக்கு அது புரியவில்லை; நான் ஒதுங்கி நின்றால் பின்னால் வந்து முட்டினார்கள். அப்படி விழுந்தவை நான்கு இடிகள். மீதி இருபத்தேழும் இடது பக்கம். அந்த ஊரில் சாலையின் வலப்பக்கமாகப் போக வேண்டும். எதிரே வருகிறவனும் முந்துகிறவனும் இடது பக்கத்தில்தான் வருவார்கள். திடீரென்று முளைத்தது போல வந்து இடித்தார்கள்.

முப்பத்தொன்றில் இருபத்தேழு என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஒரு மாலை முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தேன். திரை குறுகல்! பழைய இருபத்து நான்கு அங்குல மானிட்டர். அதில் காரின் முன்கண்ணாடி தெரிகிறது, பக்கம் தெரிவதில்லை. சன்னல் சின்னதாக இருந்தால் தெருவில் போகிறவனைக் குறை சொல்ல முடியுமா?

அகல மானிட்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன். பதினேழு மானிட்டர்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு விவரம் எழுதினேன். ஆசை, நாற்பத்தொன்பது அங்குலத்தின் மீதுதான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் நூற்றிருபது சென்டிமீட்டர். பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி பூண்டு விவசாயி. படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இத்தன அகலமா? பாத்தி கட்டி ரெண்டு வரிசை பூண்டு நட்டுரலாமே” என்றான்.

“ஏலே, ஒனக்கு வேற சோலி இல்லையா?”

“சோலி கெடக்கு. அதவிட இது நல்லாருக்கு.”

மகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. “அப்பா, மானிட்டர் அகலமா இருந்தாப் போதாது. அத்தன புள்ளியையும் கார்டு வரையணும். உங்க கார்டு பழசு.”

வரைவது என்ற சொல் வந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கார்டு என்பவன் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு வரைவாளன். நொடிக்கு எழுபது படம் வரைகிறான். பழைய திரையில் ஒரு படத்துக்கு இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி. நாற்பத்தொன்பது அங்குலத்தில் எழுபத்து மூன்று லட்சத்துச் சொச்சம். அவ்வளவு பெரிய தாளைக் கொடுத்தால் எழுபது படம் இருபத்தைந்தாகக் குறையும், கார் தத்தித் தத்திப் போகும். மேலதிகாரி தலையில் கட்டிய வேலையின் பாரம் எனக்குத் தெரியும். நடுவில் முப்பத்து நான்கு அங்குலம் இருந்தது. நாற்பத்தொன்பது லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி. ஓரங்களை நம் பக்கம் லேசாக வளைத்திருப்பார்கள். அமைப்புகளில் நிழலையும் பனியையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அறுபது படம் வரும் என்றாள் மகள். கார்டுக்கும் மானிட்டருக்கும் பொருத்தம் அமைந்தது. “மகளுக்கு வரன் பாத்தப்பக்கூட நீங்க இவ்வளவு சரிபாக்கல” என்றாள் மனைவி. உண்மைதான், அந்தப் பட்டியலில் பதினொரு விவரம்தான் இருந்தது.

திண்டுக்கல்லுக்கு இறங்கி ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் இளைஞர். தாடியை அளவெடுத்து வெட்டியிருந்தார்.

“கேமிங் மானிட்டருங்களா சார்? பேரனுக்குங்களா?”

“எனக்கு.”

“ஓ! ரேசிங்குங்களா சார்?”

“இல்லை. மெதுவாகக் கீழே இறங்குவேன்.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “இத எடுங்க சார். நூத்தி அறுபத்தஞ்சு ஹெர்ட்ஸ். நொடிக்கு நூத்தி அறுபத்தஞ்சு படம் காட்டும்.”

“என் கார்டு அறுபதுதான் வரையும். மிச்சம் நூற்றைந்தை நான் என்ன செய்யட்டும்?”

“ஃபியூச்சருக்கு ஆகும் சார். நாளைக்கே நல்ல கார்டு மாத்துவீங்க.”

எழுபத்தொரு வயதுக்காரனிடம் எதிர்காலத்தை விற்கிற அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. வாங்கினேன். விலையை இங்கே எழுதமாட்டேன், மனைவி படிப்பாள்.

பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டுப் பேருந்தில் ஏற்றினேன். சன்னலோர இருக்கை அதற்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை வளைவுகள் தொடங்கியதும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மேசை எழுபத்தாறு சென்டிமீட்டர், திரை எண்பத்தொன்று. இரண்டு பக்கமும் இரண்டரை இரண்டரை வெளியே நீட்டியது. காரின் மூக்கிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. மனைவிகூட வந்து நின்று, “அட, பனியெல்லாம் நம்ம ஊரு மாதிரியே எறங்குதே” என்றாள்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நான்காவது வளைவில் இடது பக்கத்திலிருந்து ஒரு சிவப்புக் கார் முளைத்து இடித்தது. ஏழாவது வளைவில் ஒரு லாரி. அந்த வாரம் ஒன்பது முறை இறங்கியதில் இருபத்தாறு இடி இடது பக்கம். ஒன்று குறைந்திருந்தது. அந்த ஒன்றுக்கு நான் கொடுத்த விலையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்படியென்றால் மானிட்டரில் கோளாறு. வேறென்ன? திரையை வெள்ளையாக்கி நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். கண்ணை அதைவிட்டு அசைக்காமல், மவுசின் அம்பை நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் நகர்த்தினேன். அம்பு எங்கே மறைகிறதோ அந்த இடத்தை வரைபடத் தாளில் குறித்தேன். ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர். நிலம் அளக்கிற முறையும் இதுதான். ஒரு கல்லை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து அளப்போம். நான்கு நாள் ஆயிற்று. முடிவில் இடது ஓரத்தில் வாழைப்பூ வடிவில் ஒரு பகுதியில் அம்பு மறைவது தெரிந்தது. நூற்று எண்பத்தாறு கட்டம். பென்சிலால் நிழல் தீட்டி, மூன்று பக்கக் கடிதத்தோடு கடைக்கு அனுப்பினேன்.

கடைக்காரர்கள் படத்தைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டும். ஒரு டெக்னீஷியன் புது மானிட்டரோடு வந்துவிட்டார். பழையதைச் சோதித்துவிட்டு, “சார், ஒரு புள்ளிகூடச் சாகலயே. எல்லாம் உசுரோடதான இருக்கு” என்றார்.

“உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது?” என்றேன்.

அவர் வாதாடவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். புதியதை அளந்தேன். அதே வாழைப்பூ. நூற்று எண்பத்தெட்டு கட்டம். நான் கொதித்துப் போனேன். ஒரே நாளில் செய்த சரக்கு முழுவதும் சொத்தை என்று இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கம் எழுதும்போது மனைவி சமையலறையிலிருந்து வந்து இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங்க, இந்தத் திரையத் தலகீழா வைக்க முடியுமா?”

“எதற்கு?”

“தோசை ஒரு பக்கமே கருகுதுன்னு வைங்க. கல்ல அரைச் சுத்து திருப்பி வச்சுப் பாப்போம். கல்லுல கோளாறுன்னா கருகுற பக்கமும் கூடவே திரும்பிரும். மறுபடி அதே பக்கம் கருகுனா, கோளாறு அடுப்புல.”

இதில் தப்புக் கண்டுபிடிக்க நான் முயன்றேன். முடியவில்லை. தம்பியைக் கூப்பிட்டு மூவருமாகத் திரையை அதன் தாங்கியிலிருந்து கழற்றித் தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்தோம். சொத்தை இப்போது வலது ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் நடுப்புள்ளியைப் பார்த்து உட்கார்ந்தேன். மனைவி மவுசைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியுதா?”

“தெரியுது.”

“இப்ப?”

“தெரியுது. நீ வலது பக்கம் போ.”

“வலப்பக்கந்தான் இருக்கேன். ஓரம் வரைக்கும் வந்துட்டேன்.”

“தெரியுது.”

நான் கண்ணை அசைக்காமல் புள்ளியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

“இப்ப?”

“என்ன இப்ப? நீ இன்னும் நகர்த்தவே இல்லையே.”

“அண்ணே,” என்றான் தம்பி. கேலி செய்யும் குரல் இல்லை அது. “மதினி இடப்பக்கம் நாலு தடவ மேலயும் கீழயும் போயிட்டு வந்துட்டாங்கண்ணே.”

நான் தலையைத் திருப்பினேன். அம்பு அங்கே இருந்தது. என் மனைவி மவுசை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது வசதியாக இருந்திருக்கும். அவள், “நாளைக்கு வெள்ளனே மதுரைக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னாள்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். விளக்குப் பொட்டு தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு முறை பழகியதுதான். வெளியே வந்த தாளைப் பார்த்த டாக்டர் அம்மா, கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, இடது கண்ணில் அதிகம், வலதிலும் தொடங்கிவிட்டது என்றார். போனது போனதுதான். சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். நான் பையிலிருந்து என் வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இத எந்த ஆஸ்பத்திரில எடுத்தீங்க?”

“வீட்டில். மானிட்டர் சொத்தை என்று நிரூபிப்பதற்காக.”

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். “ரொம்பச் சரியாப் போட்டிருக்கீங்க. ஆனா இனிமே வண்டி ஓட்டக் கூடாது. கம்ப்யூட்டர்ல ஓட்டிக்கலாம். அங்க யாரும் சாகமாட்டாங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறைத்தது. கேரட் வேனுக்குப் பக்கத்தில் அன்று ஆள் யாரும் நின்றிருக்கவில்லை. நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கை நான் அதுவரை போட்டதே இல்லை.

வீடு திரும்பியதும் மனைவி உளுந்து டப்பாவுக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள். அது நான் தேடாத பதினைந்தாவது இடம். எல்லோர் கண்ணுக்கும் படும்படி வாசல் நிலையில் ஆணியில் மாட்டினாள். என்னிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் முடிந்துவிட்டது. கிடைத்தால் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பதினொரு மாதம் திட்டமிட்டிருந்த சாவி கையெட்டும் தூரத்தில் தொங்கியது. நான் போய்க் கடைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அது ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது.

இப்போது புதன்கிழமைகளில் தம்பி ஓட்டுகிறான். நான் பக்கத்தில், இடது பக்க இருக்கையில். அவன் தேவையில்லாமல் பிரேக் பிடிக்கிறான். போன வாரம் தோட்டத்தை நெருங்குவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு முறை. வளைவில் கியரைத் தாமதமாக மாற்றுகிறான். ஓரச் சுவருக்கும் கதவுக்கும் இடையே நாற்பது சென்டிமீட்டர்கூட விடுவதில்லை. தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தேன்.

தம்பி பிரேக் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணே, அந்த டாக்டரம்மா வாய்க்கு ஒண்ணும் சொட்டு மருந்து எழுதித் தரலையா?”

“நூற்றுப் பதிமூன்று” என்றேன்.