எனெரெலின் முதல் முடி

துல்மாவுக்குப் பொறாமை வந்தால் தேநீரில் உப்பு கூடிவிடும். மங்கோலியாவில் தேநீருக்கு உப்புதான் போடுவோம். எங்கள் கிறிஸ்தவச் சபை தார்ஹான் நகரில் நடத்திய அனாதை இல்லத்தின் சமையற்காரி அவள். தேநீரை ஒரு வாய் குடித்தே அன்று அவள் மனசு எப்படி என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவள் வயிறு எரிந்ததெல்லாம் மிரானைப் பார்த்துத்தான். கொரியச் சபை அனுப்பிய ஊழியக்காரி மிரான். நல்லவள், அதுதான் தொல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் துல்மா நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். மிரான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், பனியில் பிள்ளைகளோடு உருளுவாள். ஊருக்குப் போய்த் திரும்பினால் பிள்ளைகள் மொத்தமும் வாசலுக்கு ஓடும். எனெரெலும் ஓடுவாள். அதைத்தான் துல்மாவால் தாங்க முடியவில்லை.

எனெரெல் ஆஸ்பத்திரியில் யாரோ விட்டுப்போன குழந்தை. தொப்புள்கூடக் காயாமல் வந்தவளை அடுப்போரம் தன் மார்பில் போட்டு வளர்த்தவள் துல்மா. மிரான் அவளைக் கொஞ்சிவிட்டு இறக்கிவிட்டால் போதும், துல்மா உடனே தலையை முகர்ந்து பார்த்து, "கொரியா சோப்பு நாத்தம்" என்று மறுபடி குளிப்பாட்டிவிடுவாள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளை துல்மாவையும் அக்கா என்றுதான் கூப்பிட்டது. நாளைக்கு வேறு வீட்டுக்குத் தத்துப் போகிற பிள்ளைகள், இங்கே யாரையும் அம்மா என்று சொல்லிப் பழகக் கூடாது என்பது போதகர் கன்சோரிக்கின் சட்டம்.

எனெரெலுக்கு நான்கு வயதானது. முதல் முடி எடுக்க நாள் குறித்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கொத்து வெட்டுவது எங்கள் வழக்கம்; முதல் வெட்டு வெட்டுகிறவருக்குத்தான் பெரிய மரியாதை. நான் அந்த இல்லத்தின் தையற்காரி. சூட்டுக்காக மெஷினைச் சமையலறையில் போட்டிருந்தேன். சேதியைத் துல்மாவிடம் சொல்லும் கொடுமை எனக்கே வாய்த்தது.

"முதல் வெட்டு மிரானுக்காம். போதகர் சொல்லிட்டாரு."

துல்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஏன், அவ கையில தங்கமா ஒழுகுது?"

"சபைக்கு எவ்வளவோ செஞ்சிருக்காங்களாம்."

"பஞ்சாங்கம் பாத்தா எனக்குத்தான் வரும். பிள்ளை முயல் வருஷம், நான் ஆட்டு வருஷம். அவ்வளவு பொருத்தம்."

"இனிமே பஞ்சாங்கமே பாக்க மாட்டேன்னு ஞானஸ்நானத்துல சொன்னது யாருடி?"

"அது வேற. இது முடி."

அன்று தேநீரை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

விசேஷத்தன்று காலை, துல்மா என்னைக் கேட்காமலே என் கத்தரிக்கோலை எடுத்தாள். எனெரெலை நிலக்கரிப் பெட்டிமேல் உட்காரவைத்து, பிடரியில் ஒரு கொத்தை நறுக்கினாள். அதைக் கைக்குட்டையில் முடிந்து மார்புக்குள் செருகிக்கொண்டாள். பிள்ளையின் வாயில் ஒரு துண்டு காய்ந்த தயிர்க்கட்டியைத் திணித்து, "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள். பிறகு என்னை முறைத்தாள்.

"நீ எதையும் பாக்கல."

"என் கண்ணு ஊசியில இருக்கு" என்றேன்.

சபையே கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோலை எனெரெல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து மிரானிடம் கொடுத்தாள். துல்மா ஆட்டிறைச்சிக் கொழுக்கட்டைத் தட்டோடு நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சாந்தம். ஜெயித்தவளின் சாந்தம் அது, எனக்கு மட்டும் தெரியும்.

மிரான் கண்ணை மூடி, தன் உடைந்த மங்கோலியத்தில் ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்தக் குழந்தையின் முதல் முடியை..."

"இது முதல் இல்ல" என்றாள் எனெரெல். "அம்மா காலையிலயே வெட்டிட்டாங்க."

போதகர் நிமிர்ந்தார். "எந்த அம்மா?"

அந்தக் கேள்வி பிள்ளைக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். துல்மாவைக் காட்டி, "அம்மாதான்" என்றாள்.

துல்மாவின் தட்டு சாய்ந்து இரண்டு கொழுக்கட்டைகள் தரையில் உருண்டன. அவள் குனியவில்லை. திருட்டு வெளிப்பட்டதே என்கிற வெட்கம் துளியும் இல்லாமல், அத்தனை பேர் முன்னாலும் நின்று அழுதாள். போதகர் திட்ட வாயைத் திறந்தார், திட்டாமலே மூடிக்கொண்டார்.

மிரான் சிரித்தபடி ஒரு சிறு கொத்தை வெட்டினாள். அடுத்து உட்கார்ந்திருந்த என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினாள். துல்மாவின் முகத்தில் நான் வருஷக்கணக்காகப் பார்த்துவந்தது இப்போது மிரானின் முகத்தில் இருந்தது.

"என்னை எப்பவாவது அப்படிக் கூப்பிட்டிருக்காளா?" என்று வேறு யாருக்கும் கேட்காத குரலில் என்னைக் கேட்டாள். "நான் இல்லாதப்பவாவது?"

"இல்ல" என்றேன்.