வண்டியைப் பின்னால் எடுத்தது நான் இல்லை

இன்று காலை மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் நடந்தது இது.

நடைபயணம் தொடங்கும் இடத்துக்கு நண்பர்கள் முன்னதாகவே போய்விட்டார்கள். காரில் நானும் என் மனைவி செல்வியும் மட்டும். "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். "இது டவுன் ரோடு இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

பாதி மலையில் எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஜீப் டிரைவர் தலையை நீட்டினார். "அண்ணாச்சி, பைய பின்னால எடுங்க. வளைவுல எடம் கெடக்கு."

பள்ளத்தைப் பார்த்ததும் பின்னால் எடுக்க எனக்குப் பயம். "கழுத்துப் பிடிப்பு, திரும்ப முடியல" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம், "ஆமாண்ணே, நேத்துல இருந்தே அவங்களுக்கு வலி. நான் எடுக்கேன்" என்றாள்.

இடம் மாறி உட்கார்ந்து, வளைவு வரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்துவிட்டாள்.

ஜீப் கடக்கும்போது அவர், "எண்ணெய் தேச்சு விடுங்க அக்கா" என்றார். நான் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு விட்டிருக்கலாம். மீதி மலையையும் அவளே ஓட்டினாள். மேலே போய்ச் சேருவதற்குச் சற்று முன், "இனி நான் ஓட்டுதேன்" என்று இடம் மாறிக்கொண்டேன். அவள் இறங்கிக்கொண்டாள்.

"ஏலே, இந்த ரோட்டுல அசத்திட்டியே!" என்று நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். நான் சிரித்தேன். செல்வி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

காட்டுக்குள் அவளோடு சேர்ந்து நடக்க எனக்கு முகமில்லை.

முதுகில் தட்டியவர்களே, அந்த ரோட்டில் அசத்தியது செல்விதான். என்னைத் திட்டுவதாக இருந்தால் கமெண்டிலேயே திட்டுங்கள். அவளும் படிக்கட்டும்.