படப்பையில் ஒரு சரக்குப் பெட்டியும் அதன் சந்தேகமான கதவும்

சென்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை, பழைய மீட்டர்கேஜ் சரக்குப் பெட்டி ஒன்றை அளந்து வருவதற்காகத் தாம்பரம் வழியாகப் படப்பைக்குப் போய் வந்தேன். தூரம் என்று பார்த்தால் பெரிய பயணம் இல்லை. அஸ்தினாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தால் அதிகம். ஆனாலும் ரயில் மாடல் செய்கிறவர்கள் யாராவது அதே பெட்டியைத் தேடிப் போகக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். போகிறவர்கள் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் போன காரணம். நான் குரோம்பேட்டையில் பல் கட்டும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். செயற்கைப் பல்லைச் செதுக்குகிற அதே கருவிகளை வைத்து, விடுமுறை நாட்களில் ரயில் பெட்டிகள் செய்வேன். உண்மையான பெட்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்தத் தளத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, நான் செய்த மூடிய சரக்குப் பெட்டியின் படங்கள் நினைவிருக்கலாம். அதன் பக்கவாட்டில், மேலே ஓர் இரும்புப் பட்டை. அதில் சிறு சக்கரங்களால் தொங்கி ஒதுங்குகிற கதவு.

படம் போட்ட மறுநாளே எங்கள் மாடல் குழுவில் இருக்கும் மதுரை பாஸ்கர் சார் கேள்வி எழுப்பினார். அந்த வகைப் பெட்டிக்கு நகரும் கதவே கிடையாது, பீரோ போல வெளிப்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவுதான் என்றார். என்னிடம் இருந்த ஆதாரம் மங்கலான ஒரே ஒரு பழைய படம். அதில் கதவுக்கு மேலே ஒரு கோடு தெரியும். அது கதவு ஓடும் பட்டை என்பது என் கட்சி. மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க வைத்த தகடு என்பது அவர் கட்சி. குழுவின் கண்காட்சிக்கு என் பெட்டியை எடுத்துக்கொள்வதாக இருந்தார்கள். இந்தத் தகராறு தீரும்வரை வேண்டாம் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருட வேலை அது. எனக்குத் தூக்கம் கெட்டது.

அந்த நேரத்தில்தான் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. பெயர் கருணாகரன். "நீங்க பிளாக்ல போட்ட அதே பெட்டி, அதே கதவோட, படப்பை பக்கத்துல இருக்கு. வந்து பாக்கலாம்." படம் அனுப்புங்கள் என்றேன். அனுப்பவில்லை. யாருடைய இடம் என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "வரும்போது லொகேஷன் யாருக்கும் அனுப்ப வேண்டாம் மேடம்" என்று மட்டும் வந்தது. அவருடைய முகப்புப் படத்தில் முகம் இல்லை; திருநீர்மலைக் கோபுரம் இருந்தது.

இதைப் படித்ததும் என் நாத்தனார் ஹெப்சி, "அண்ணி, நீங்க தனியா போகக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். ஹெப்சி ஒரு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை மற்றவர்கள் கொண்டுவரும் தங்கத்தை நம்பாமல் இருப்பதுதான் அவள் வேலை. இரண்டாம் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அதனால்தான் அந்த நாள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அஸ்தினாபுரத்திலிருந்து குரோம்பேட்டை நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம், ஐந்து ரூபாய். தாம்பரம் நடைமேம்பாலத்தில் ஏறியபோது கீழே ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. இந்தக் காலத்துப் பெட்டி எப்படி இருக்கும் என்று ஹெப்சிக்குக் காட்டலாமே என்று நின்று, நான்கு படம் எடுத்தேன். ஐந்தாவது எடுப்பதற்குள் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், ரயில விட்டுட்டு கூட்ஸ போட்டோ எடுத்துகினு கீறீங்க?"

மாடல் செய்வதற்கு என்றேன். போனை வாங்கிப் பார்த்தார். என் போனில் குழந்தைகள் படத்தைவிட ஆணிகளின் படம் அதிகம். கதவுக் கொண்டி, பிரேக் கம்பி, துருப்பிடித்த மூலை என்று தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அவர் முகம் இறுகியது.

"இதெல்லாம் எங்க எடுத்தது? பழைய இரும்பு வியாபாரமா?"

பல் லேப் என்றேன். அது அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியதாகத்தான் தெரிந்தது. கடைசியில் ஹெப்சி தன் வங்கி அடையாள அட்டையைக் காட்டினாள். அன்றைக்கு எடுத்த நான்கு படங்களையும் அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்த பிறகுதான் விட்டார். நிலையத்தில் படம் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நான் கேட்கவில்லை, அது என் தவறு.

தாம்பரம் மேற்கிலிருந்து படப்பை போகும் சாதாரணப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முடிச்சூர் தாண்டும்வரை நெரிசல். பிறகு உட்கார இடம் கிடைத்தது. முக்கால் மணி நேரம் ஆனது. படப்பைக் கடைத்தெருவில் இறங்கி ஒரு காபி குடிப்பதற்குள் கருணாகரன் பைக்கில் வந்துவிட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல உடுப்பு, ஆனால் கைகளில் சின்னச் சின்னத் தீக்காயங்கள். ஹெப்சியைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"நீங்க மட்டும்தான் வருவீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"நான் இவங்க நாத்தனார்" என்றாள் ஹெப்சி. "நீங்க யாரு?"

"ஆட்டோ புடிச்சு என் பின்னாடியே வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லை.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய், ஐந்து கிலோமீட்டர். ஒரகடம் போகும் சாலையில் போய் இடப்பக்கம் திரும்பி, மண் பாதையில் ஆட்டோ குலுங்கியது. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அக்கா, அங்க வூடு வாசல் ஒண்ணும் கெடயாது. மூடிக் கெடக்குற கோழித்தீவன குடோன்தான் கீது. தெரிஞ்சவங்களா அவரு?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாங்கள் திரும்பும்வரை நிற்க முடியுமா என்று கேட்டேன். சம்மதித்தார். கருணாகரன் இரும்பு கேட்டைத் திறந்து எங்களை உள்ளே விட்டு, திரும்பவும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஆட்டோ வெளியே நின்றது. ஹெப்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடோனுக்குப் பின்னால் பெட்டி இருந்தது. சக்கரங்கள் இல்லை, சிமென்ட் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. மீட்டர்கேஜ் காலம் முடிந்தபோது கழித்துக்கட்டிய பெட்டியை யாரோ வாங்கி வந்து தீவன மூட்டை அடுக்க வைத்துக்கொண்டார்களாம். நான் டேப்பை எடுத்தேன். அகலம் எட்டடிக்குக் கொஞ்சம் கூட. கூரையின் வளைவு, மூலைத் தகடுகள், ஆணி வரிசை எல்லாம் பொருந்தின. கதவுக்கு மேலே, நான் சொன்ன அதே இடத்தில், அதே பட்டை. அதில் சக்கரம் வைத்துத் தொங்கும் ஒற்றைக் கதவு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாஸ்கர் சாருக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று போனை எடுத்தேன்.

"அண்ணி, கொஞ்சம் இருங்க" என்றாள் ஹெப்சி. "பெட்டி முழுக்க ஒரு துரு. இந்தக் கதவுல மட்டும் வேற துரு."

கிட்டே போய்ப் பார்த்தேன். பட்டையின் நுனியில், கதவு ஓடி விழாமல் இருக்க ஒரு சின்ன நிறுத்துக்கட்டை இருந்தது. அது பட்டைக்குக் கீழே இருந்தது. கதவின் சக்கரமோ பட்டைக்கு மேலே ஓடுகிறது. கீழே இருக்கும் கட்டை எதையும் நிறுத்தாது. அப்படி ஒரு கட்டையை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வைத்திருக்க மாட்டார்கள். வைத்தது நான். என் மாடலில் பசை காய்வதற்குள் நழுவிக் கீழே ஒட்டிக்கொண்டதை, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டிருந்தேன்.

கதவைத் தள்ளக் கை வைத்தேன். கருணாகரன் ஓடி வந்தார்.

"தள்ளாதீங்க மேடம். விழுந்துடும்."

பெட்டியின் மறுபக்கம் மதில்சுவரை ஒட்டி இருந்தது. இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அங்கே போகத் திரும்பினேன்.

"அந்தப் பக்கம் வேணாம். பாம்பு இருக்கு."

"காலையில இருந்து இவர் சொன்ன முதல் தகவல் இதுதான்" என்றாள் ஹெப்சி. நான் ஒரு குச்சியை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே நுழைந்தேன். பாம்பு இல்லை. இரட்டைக் கதவு இருந்தது. வெளிப்பக்கம் திறக்கிற, கனமான கீல்கள் வைத்த கதவு, துருவேறி இறுகிப் போய். அதற்கு மேலே சாய்வாக ஒரு மழைத்தகடு. மங்கிய படத்தில் நான் பார்த்த கோடு அதுதான். பாஸ்கர் சார் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

வெளியே வந்தபோது கருணாகரன் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் நீட்டினார். "ரிசார்ட் மேனேஜர் மேடம். பெட்டிய வாங்கப் போறாங்க. எல்லாம் ஒரிஜினல்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அப்போதுதான் நான் எதற்கு வரவழைக்கப்பட்டேன் என்பது புரிந்தது. கேட் சாத்தியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என் மாடலும் கண்காட்சிக்குப் போகும், பாஸ்கர் சாரும் வாயை மூடுவார் என்ற நினைப்பும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"பெட்டி ஒரிஜினல்தாங்க" என்றேன். "முன்பக்கக் கதவு புதுசு. இந்த மாதிரி பெட்டிக்கு அப்படிக் கதவு கிடையாது."

"உங்க பிளாக்ல அப்படித்தானே இருக்கு?" என்றது அந்தப் பெண் குரல்.

"அது தப்பு. என்னோட தப்பு."

ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். கருணாகரன் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவிழ்த்துக் கிடந்த ஒரு டிரம் மேல் உட்கார்ந்தார்.

"நான் வெல்டிங் பண்றவன் மேடம். இந்தப் பக்கம் கதவே இல்ல, தார்பாய்தான் தொங்கிச்சு. எப்படி இருக்கணும்னு தேடினேன். உங்க போட்டோதான் வந்துச்சு. ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பாத்து அடிச்சேன்."

"அந்தப் பக்கமே பழைய கதவு இருக்கே?"

"அதான் மேடம் எனக்கும் குழப்பம். அதை எவனோ பின்னாடி மாத்திட்டான்னு நினைச்சேன். நீங்க நெட்ல அவ்வளவு விவரமா போட்டிருந்தீங்க."

லொகேஷன் அனுப்பாதே என்றது வேறு தரகர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில். பாம்பு இருக்கிறது என்றது, அந்தப் பக்கக் கதவைப் பார்த்தால் நான் குழம்பிவிடுவேன் என்பதற்காக. இப்படித்தான் அவர் சொன்னார். இரண்டாவதை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை.

சரியான கதவுக்கு அளவு எடுத்து வரைந்து கொடுக்க முடியுமா, இதைக் கழற்றிவிட்டு அதேபோல் செய்துவிடுகிறேன் என்று கேட்டார். யோசித்தேன். வரைந்து கொடுத்தால் அதையும் பழைய கதவென்று விற்பார். ஒரு நிபந்தனை போட்டேன். புதுக் கதவில் இந்த வருடத்தின் எண்ணை வெல்டிங்கிலேயே எழுத வேண்டும். நாளைக்கு அளக்க வருகிற யாரும் ஏமாறக் கூடாது.

"பாத்தா பார்ட்டி வேணாம்னுடுவாங்களே."

"கவரிங்னு சொல்லி கவரிங் வித்தா யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்றாள் ஹெப்சி.

அவர் எழுந்து போய் முதலில் கேட்டைத் திறந்து வைத்தார். பிறகு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். சுவர்ச் சந்துக்குள் இரண்டு பேரும் ஒடுங்கிக்கொண்டு கீல், கொண்டி, மழைத்தகடு எல்லாவற்றையும் அளந்தோம். ஹெப்சி தன் போனில் குறித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் காத்திருந்ததற்கு ஆட்டோக்காரருக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தோம். மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருந்தோம்.

மறுநாள் குழுவில் என் தவறை எழுதி, பழைய பதிவின் மேலேயும் குறிப்புப் போட்டேன். கண்காட்சிக்கு என் பெட்டி போகவில்லை. பாஸ்கர் சார் பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். "அந்தப் பக்கக் கதவு மட்டும் பழசுன்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது, பிறகு நியாயம் என்று தோன்றியது. கீலின் அடியில் துரு எத்தனை அடுக்கு என்று காட்டும் படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டு, நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

அவரைப் போல நம்பாதவர்களுக்குச் சில விஷயங்கள். படப்பையில் இறங்கியதும் ஆட்டோ வாடகையைப் பேசிவிடுங்கள். திரும்பும்போது மண் பாதையில் வண்டி கிடைக்காது. தனியாகப் போகாதீர்கள். இடம் தனியாருடையது, என்னிடம் கேட்டால் கருணாகரனிடம் சொல்லி வைக்கிறேன். மாடல் செய்வதற்கு இன்னொருவர் மாடலைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. பெட்டியைச் சுற்றி வாருங்கள். வேண்டாம் என்று சொல்கிற பக்கத்துக்கு முதலில் போங்கள்.

இதை எழுதி முடிக்கும்போது கருணாகரனிடமிருந்து புதுக் கதவின் படம் வந்தது. கீல், கொண்டி எல்லாம் கொடுத்த அளவுப்படி இருந்தன. வருடத்தைக் காணோம். பெருசாக்கி மூலை மூலையாகத் தேடிவிட்டு, எங்கே எண் என்று கேட்டேன். இன்னொரு படம் வந்தது. எழுதியிருந்தார், அழகான கையெழுத்தில், கதவின் உள்பக்கம். போகிறவர்கள் திறந்து பாருங்கள்.