மரம் என்று எழுதிய கல்

1. சுங்கப் படிவத்தில் "கல்லாகிப்போன மரம், ஒன்று" என்று எழுதினேன்.
2. அதிகாரி "மரம்" என்பதை மட்டும் படித்தார்.
3. எரிக்கவேண்டிய பொருள்களோடு அதைச் சேர்த்துவிட்டார்.

போர்ட் லூயி துறைமுகத்தில் நிற்கிறேன். கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையில் எடுத்த அந்தத் துண்டுதான் என் வகுப்பில் காட்ட இருக்கும் ஒரே மாதிரித் துண்டு.

"மரம் பா போன், நல்லதில்லை, மாம்ஸெல். பூச்சி வந்தா கரும்பு ஃபினி, முடிஞ்சுது!" என்கிறார் அதிகாரி.

"கத்தியால் கீறிப் பாருங்கள்."

கீறுகிறார். கத்திமுனைதான் மழுங்குகிறது. சிரித்தபடி என் லென்ஸை வாங்கிப் பார்க்கிறார்.

"வளையம் இல்லையே! அங்கே குளிர் வரலையா?"

குளிரிலோ வறட்சியிலோ வளர்ச்சி நின்றால்தான் மரத்தில் ஆண்டு வளையம் விழும். நான் படித்துத் தெரிந்துகொண்ட இதை, தினமும் மரம் சோதிக்கும் கண் உடனே பிடித்துவிட்டது. ஆண்டு முழுவதும் வெப்பமும் மழையும் மாறாத காட்டில் வளர்ந்த மரம் அது.

எரிக்கும் பட்டியலில் அதை அடித்துவிட்டார்; மாதிரி இப்போது என் பையில் இருக்கிறது. லென்ஸ் இன்னும் அவரிடம்தான்.