அம்மா பதில் சொல்லாமல் போன மாலை

என் வேலை குடிநீர்க் குழாய்களில் அமுக்கம் பார்ப்பது. ஓரிடத்தில் தண்ணீர் வரவில்லை என்றால் காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவேன். கடைசியில் ஒன்று மிஞ்சும். அம்மாவின் இரத்தப் பரிசோதனை வந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். இடுப்புச் சுற்றளவு கொஞ்சம் கூடுதல். பிரஷர் கொஞ்சம் கூடுதல். வெறுவயிற்றுச் சீனி கொஞ்சம் கூடுதல். கெட்ட கொழுப்பில் ஒரு வகை கூடுதல், நல்ல கொழுப்புக் குறைவு. ஒன்றையும் வெட்ட முடியவில்லை. தனித்தனியே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, சேர்த்துப் பார்த்தால் மெட்டபொலிக் சின்ட்ரோம் என்றார் கிளினிக் டொக்டர்.

“அப்ப இது வருத்தமா, இல்லையா?” என்று அம்மா கேட்டார்.

“வருத்தத்துக்குப் போற பாதை,” என்றார் டொக்டர். அம்மா என்னைப் பார்த்தார். நோயா இல்லையா என்று எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்குள் இவை குறையாவிட்டால் மாத்திரை தொடங்க வேண்டும் என்றார். அதுதான் அம்மாவைப் பிடித்து உலுக்கியது. மண்டூரில் இருக்கும் அம்மாவின் அண்ணனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அவருக்கும் முதலில் ஒரு சின்ன மாத்திரைதான் கொடுத்தார்கள். அம்மாவின் கணக்கில் மாத்திரையில் தொடங்குவது காலில்தான் முடியும். மாத்திரையை ஒழுங்காகப் போடாததால்தான் மாமாவின் கால் போனது என்று பல தடவை சொன்னேன். அம்மா தலையாட்டுவார், நம்பமாட்டார்.

இதயத் துடிப்பை வரைந்து பார்த்துவிட்டு, பயிற்சி செய்யலாம் என்று பிசியோதெரபி பிள்ளையிடம் அனுப்பினார்கள். என் வயதுதான் இருக்கும். முதலில் உடம்பு சூடாகும்வரை சாதாரண நடை. பிறகு ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது, திரும்பவும் வேகம்.

“எவ்வளவு வேகம்?” என்று கேட்டேன். ஓர் இலக்கம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“பேச ஏலாத அளவுக்கு. ரெண்டு சொல்லுக்கு மேல வந்தா அந்த வேகம் காணாது. நெஞ்சு இறுக்கினா, தலை சுத்தினா உடன நிப்பாட்டுங்க.”

சொல்வதற்கு இலகுவாகத்தான் இருந்தது. ஆனால் வாவிக்கரையோரம் போகும் எங்கள் தெருவில் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் யாரும் போவதில்லை. அம்மா வேகம் கூட்டியதும் ஏதாவது ஒரு வாசலில் இருந்து, “எங்ககா இந்த அவசரம்?” என்று ஊர்ப் பக்கத்துக் ‘கா’ போட்டு ஒரு குரல் வரும். அம்மா நின்று விளக்கம் சொல்வார். ஒருநாள் தெரிந்த ஓட்டோக்காரத் தம்பி பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அம்மா ஏறிவிட்டார். “கூப்பிட்ட பிள்ளைக்கு ஏலாண்டு எப்பிடிச் சொல்ற?” என்றார். அன்றைய வேக நிமிடம் ஓட்டோவில் கழிந்தது.

நான் கண்டிப்பாகச் சொன்னேன்: வேக நேரத்தில் வாய் திறக்கக் கூடாது, யார் கேட்டாலும் கையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

அடுத்த நாள் மாலை அம்மா அப்படியே செய்தார். முன்வீட்டு அன்ரி கூப்பிட்டார். அம்மா திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார். கடை வாசலில் இருவர் கேட்டார்கள். அவர்களுக்கும் கைதான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

திரும்பி வந்து வளைவில் ஏறியபோது எங்கள் கேற்றடியில் ஆட்கள் நின்றார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. முன்வீட்டு அங்கிளின் கையில் செத்தவீட்டுக் கொடிக்கு வெள்ளைத் துணி.

“அண்ணன்,” என்றார் அம்மா. பிறகு ஓடினார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடியதை நான் முன்பு பார்த்ததே இல்லை. என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடிக்கொண்டே மாமாவின் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

கேற்றில் அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மாவும் அழுதார்.

“அன்ரி, ஆர் சொன்னது உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“நீங்கதானேகா வாய் திறக்காம ஓடினீங்க. அண்ணனுக்குத்தான் ஏதோ நடந்திட்டெண்டு நினைச்ச.”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. இவ்வளவு பேர் நிக்கிறதப் பாத்துத்தான் அம்மா ஓடின.”

“அப்ப உங்களுக்கும் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

பாதி அழுகையில் அன்ரி மூக்கைத் துடைத்தார். இந்தச் செய்தி யாரிடம் தொடங்கி யாரிடம் முடிகிறது என்று நான் பின்னோக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எங்களிடமே வந்து நின்றது. அப்போதுதான் மாமா திருப்பிப் போன் எடுத்தார். குளித்துக்கொண்டிருந்தாராம்.

அம்மா அழுதுகொண்டே முழுவதையும் சொன்னார்.

“கொடி கட்டின பிறகு அழு. இப்ப எனக்குப் பசிக்குது,” என்றார் மாமா.

கதிரைகள் வந்துவிட்டதால் எல்லாரும் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அன்ரிக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. “பேசக் கூடாதெண்டு எந்த டொக்டர்கா சொன்ன? அப்பிடி ஒரு வைத்தியமா?” அம்மா என் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று அம்மாவுக்கு நெஞ்சு இறுக்கவில்லை, தலையும் சுற்றவில்லை. அந்த ஓட்டத்தைப் பயிற்சியில் சேர்க்கலாமா என்று பிசியோதெரபி பிள்ளையிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, பிறகு யோசித்து, “அப்பிடி ஓடவிடாதீங்க,” என்றாள்.

அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். அம்மா முன்னால் போவார். வாசல்களில் நின்று பதில் சொல்வது என் வேலை. அம்மா உண்மையில் வேகமாகத்தான் போகிறாரா, வளைவுக்கு அப்பால் யாருடனாவது நின்று கதைக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது.

கிளினிக் நாளில் முடிவுகளைப் பார்த்தோம். சீனி குறைந்திருந்தது. கொழுப்பும் கொஞ்சம் குறைவு. பிரஷர் அப்படியே. இடுப்பு ஒரு விரல் அளவு கூடியிருந்தது. அளந்த நர்ஸ் மிஸ் இந்தமுறை வேறு ஆள். டொக்டர் தாளைப் புரட்டிவிட்டு, “மாத்திரை இப்ப வேணாம். இதையே செய்யுங்க, திரும்பப் பாப்பம்,” என்றார்.

பஸ்ஸில் அம்மா கேட்டார், “அப்ப எனக்குச் சுகமா?”

“சிலது நல்லம், சிலது...”

“மாத்திரை இல்லத்தானே?”

“இப்பைக்கு இல்ல.”

அம்மா உடனே மாமாவுக்குப் போன் எடுத்தார். சீனியைக் குறைத்தது நடையா, தேத்தண்ணியில் சீனியை நிறுத்தியதா, அன்றைய ஓட்டமா என்று நான் பக்கத்தில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் திரும்பினார்.

“அண்ணன் கேக்கிறார், ஒரு காலோட இருக்கிற ஆள் கையால இந்தப் பயிற்சியச் செய்யலாமா எண்டு.”

பிசியோதெரபி பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.